முப்பத்தொன்றாம் நாள் மாத்திரையை யார் தருவது?

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து விசைத்தறிக் கொட்டகை எதற்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். பாவு இன்னும் எத்தனை நாளைக்கு வரும், நூல் என்றைக்குத் தீரும், அடுத்த பாவு எந்தக் கிழமை பிணைக்கவேண்டும் என்று விரல்விட்டுச் சொல்லாத தொழிலாளி ஒருவர்கூட இருக்கமாட்டார். அதே தொழிலாளியிடம், "ரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது அண்ணே?" என்று கேளுங்கள். சட்டைப் பையைத் தடவுவார். பிறகு, "இருக்கும் தோழர், ரெண்டோ மூணோ இருக்கும்" என்பார். இரண்டா, மூன்றா என்பது அவருக்கே நிச்சயம் இல்லை.

இதைப் பார்த்தவுடன் படித்தவர்களில் சிலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது. சினிமா தேதி தெரிகிறது, மாத்திரை தேதி தெரியவில்லை." ஆஸ்பத்திரிகளிலும் இதே வசவைத்தான் ஏழை ஜனங்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இந்தத் தீர்ப்பை நாம் ஏற்க முடியாது. பாவுக்குக் கணக்குச் சொல்லும் மூளைக்கு மாத்திரைக்குக் கணக்குச் சொல்லத் தெரியாதா? தெரியும். பாவுக்கு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதை எழுத ஆள் இருக்கிறார். தறி ஒரு மணி நேரம் நின்றாலும் முதலாளிக்கு எவ்வளவு நஷ்டம் என்று அந்த நோட்டு சொல்லும். தறி ஓட்டுகிற மனிதனின் உடம்பு நின்றுபோனால் எவ்வளவு நஷ்டம் என்று எழுத எந்தக் கொட்டகையிலும் நோட்டு இல்லை. லாபம் உள்ள இடத்தில் கணக்கு இருக்கிறது. மாத்திரைக் கணக்கில் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே அது நோயாளியின் தலையிலேயே விடப்பட்டிருக்கிறது.

விஷயம் சின்னதாகத் தோன்றும். சின்னது அல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று கணக்கிட்டது. அதற்கு முன் 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 7 பேர்தான்! மிச்சம் 93 பேர் என்ன செய்கிறார்கள்? சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், மருந்து இல்லை. மற்றும் சிலர் மருந்து வாங்குகிறார்கள், விடுகிறார்கள், மறுபடி வாங்குகிறார்கள். இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

விட்டால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகாது. மோசமே அங்கேதான் இருக்கிறது. ஆம்லோடிபின் மாத்திரை உடம்பில் மெதுவாகக் கரைந்து போகும் சரக்கு. நிறுத்திய மறுநாளே தலை சுற்றாது. "விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று மனிதர் தைரியமாகிவிடுகிறார். அழுத்தம் ஓசையில்லாமல் ஏறுகிறது. ஒருநாள் விடிகாலையில் வாய் கோணி, வலது கை விழுந்துவிடுகிறது. வலது கை விழுந்த நெசவாளிக்கு இந்த உலகத்தில் என்ன வேலை இருக்கிறது? அட்டெனலால் போன்ற மாத்திரையை இதய நோயாளி திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்புமே வரக்கூடும் என்று மருந்து நூல்கள் எச்சரிக்கின்றன. வலிப்பு நோய்க்காரர் மாத்திரையை ஒரேயடியாக விட்டால், நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. இன்சுலின் போடுகிறவர் நிலைமையைச் சொல்லவேண்டியதே இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் 30 மாத்திரை கொடுத்து, "அடுத்த மாதம் இதே தேதிக்கு வா" என்று அட்டையில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை. பன்னிரண்டு முப்பது 360. ஆண்டுக்கோ 365 நாள்! ஐந்து நாள் எங்கே போயிற்று? காலையும் இரவும் மாத்திரை என்றால் பத்து மாத்திரை குறைகிறது. அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் இன்னும் ஒரு நாள். தீபாவளி, பொங்கல் சேர்ந்தால் மேலும் இரண்டு நாள். சரக்கு முழுதாக வரவில்லை, 15 நாளைக்கு வாங்கிக்கொண்டு போ என்றால் மாதத்துக்கு ஒரு நடை இரண்டு நடையாகிறது. எந்த டாக்டரும் கெட்ட எண்ணத்தால் இப்படிச் செய்வதில்லை. பல இடங்களில் மருந்தாளுநர்கள் ஒன்றிரண்டு சேர்த்தே கொடுத்து அனுப்புகிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜனவரி, மார்ச், மே, ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் என்று ஏழு மாதத்துக்கு 31 நாள் உண்டு என்பது ஒருவருடைய நல்ல மனத்தைப் பொறுத்த காரியமாக இருக்கலாமா?

ஒரு நடை என்பது என்ன? விசைத்தறியில் துணிக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலி இல்லை. காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, அழுத்தம் பார்த்து, மருந்து ஜன்னலுக்கு வந்துசேர்வதற்குள் பகல் சாய்கிறது. பஸ் ஏறி வருகிற கிராமத்தாருக்கு முழு நாளும் போச்சு. கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்: வெட்டு உத்தரவு வந்த வாரத்தில் ஆஸ்பத்திரித் தேதி விழுந்தால், தேதி தோற்கிறது, கரும்பு ஜெயிக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். அந்த இலவச மருந்துக்கு அன்றைய கூலியை விலையாகக் கொடுக்கிறார் ஏழை. இந்த விலையைத் தாங்க முடியாதவர், வாரக் கூலி வாங்கிய கையோடு தனியார் மருந்துக் கடையில் ஐந்து மாத்திரை, ஏழு மாத்திரை என்று வெட்டி வாங்குகிறார். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போய்விடுகின்றன. மிச்சத் துண்டில் இருப்பது வெறும் மினுமினுப்புத் தகடு.

பெயர் இருந்தால் மட்டும் என்ன? அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கிறது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-ல். மாத்திரை அட்டைவரை வந்துசேர அதற்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலும்! 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பூமி இது. தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்குத் தெலுங்கிலும் எழுதிக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னொன்று: கொள்முதலில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறிவிடுகிறது. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஜா நிறம். "இது வேறே மருந்து" என்று எண்ணி, பழையதில் மிச்சம் இருப்பதையும் புதியதையும் சேர்த்தே விழுங்குகிறவர்கள் உண்டு. பயந்துபோய் இரண்டையும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

"இத்தனை லட்சம் ஜனங்களின் மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்க சர்க்காரால் ஆகுமா?" என்று கேட்பார்கள்.

ஆகும்! தமிழ்நாட்டு சர்க்காருக்கு மருந்தை எண்ணத் தெரியும். நாடே வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகிற அளவுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மருந்து கொள்முதலில் ஊழல் என்று நாறிய பிறகு, 1994 ஜூலை 1-ம் தேதி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவாயிற்று. 1995 ஜனவரியிலிருந்து வேலை தொடங்கியது. என்ன செய்தார்கள்? அவசியமான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். கம்பெனி வைத்த பகட்டுப் பெயரில் வாங்காமல் மருந்தின் மூலப் பெயரில் மொத்தமாக வாங்கினார்கள். மாவட்டங்களில் கிடங்கு கட்டினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பாங்கியில் கொடுப்பதைப் போல ஒரு பாஸ் புத்தகம் கொடுத்தார்கள். உனக்கு இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய் மருந்து, இன்றைக்கு இன்ன மருந்து இவ்வளவு எடுத்தாய், பாக்கி இவ்வளவு. கிடங்கில் இருப்பு இறங்கினால் கம்ப்யூட்டர் சொல்லும், அடுத்த ஆர்டர் போகும். மற்ற மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் ஏற்பாட்டைச் செய்தன. ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய இலவச மருந்துத் திட்டத்துக்கும் இதுவே முன்மாதிரி.

நல்ல காரியத்தை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. கேள்வி இதுதான்: ஆஸ்பத்திரிக்குப் பாஸ் புத்தகம் இருக்கிறதே, நோயாளிக்கு எங்கே? அவர் கையில் ஓர் அட்டை இருக்கிறது, உண்மை. அதில் அழுத்தம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, மறுபடி வரவேண்டிய தேதி இது என்று எழுதியிருக்கும். வீட்டில் மிச்சம் எத்தனை மாத்திரை, இந்தச் சரக்கு என்றைக்குத் தீரும் என்று எழுத அதில் இடம் வேண்டாமா? வரவேண்டிய தேதி வேறு, மருந்து தீரும் தேதி வேறு. முன்னது ஆபீஸின் வசதி. பின்னது மனிதனின் உயிர். இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் அந்த ஐந்து நாள் காணாமல் போகிறது.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. யாருடைய காலால் நடந்து கிடைத்த விருது? மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண்களின் காலால். எந்த வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை தீர்ந்தது, எந்த மனிதர் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறார், யார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்கு மனப்பாடம். இந்த வட்டாரத்தில் உயிரோடு நடமாடும் மாத்திரைக் கணக்கு அவர்கள்தான். அவர்களுக்கு சர்க்கார் வைத்திருக்கும் பெயர் தன்னார்வலர், கொடுப்பது ஊக்கத்தொகை. சம்பளம் என்று சொன்னால் சட்டம் வந்து நிற்கும் அல்லவா? பஸ் செலவும் செல்போன் செலவும் அவள் கையிலிருந்து போகிறது. ஒரு நாள் அவளுக்கே காய்ச்சல் வந்து படுத்தால், அந்தத் தெருவின் மாத்திரையும் அவளோடு படுத்துவிடுகிறது. அவளுக்கு மாற்று ஆள் கிடையாது. ஆர்வத்தை நம்பி ஒரு தெருவின் ரத்த அழுத்தத்தை ஒப்படைக்கிறவர்கள், அந்த ஆர்வத்துக்கு மாதச் சம்பளமும் வேலை நிரந்தரமும் கொடுக்கட்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் எண்ணி, ஆஸ்பத்திரியில் எண்ணி, கிடங்கிலும் எண்ணி, உச்சியில் இருப்பவன் எண்ண மறந்தால்? 2024 மார்ச்சில் மத்திய சர்க்காரின் காசநோய்ப் பிரிவு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: மருந்து வரத் தாமதமாகும், நீங்களே உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள் என்று. காசநோய் மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறிவிடும் என்று பள்ளிக்கூடச் சுவரெல்லாம் எழுதி வைத்தவர்களே இப்படிக் கடிதம் எழுதினார்கள்! நோயாளி ஒரு வேளை தவறினால் வீடு தேடிவந்து கண்டிக்கிற இலாகா அது. இலாகாவே தவறியபோது கண்டிக்க வந்தவர் யார்? அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2022 ஜூலையில், எச்.ஐ.வி. மருந்து தட்டுப்பாட்டை எதிர்த்து டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆபீஸ் வாசலில் நோயாளிகளே உட்கார்ந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. நாற்பது நாளுக்கும் மேலாக. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் என்ன? தங்களுக்கு மாதத்துக்குக் கொடுக்கவேண்டிய இடத்தில் ஒரு வாரத்துக்கும் பத்து நாளைக்கும் எண்ணிக் கொடுத்த மாத்திரைகளின் கணக்கு. "சரக்கு இருக்கிறது" என்று அதிகாரிகள் சொல்லச் சொல்ல, "இதோ என் டப்பா" என்று காட்டினார்கள்.

அந்த டப்பாக் கணக்கு நம் ஊருக்கும் வேண்டும். ஏன் என்றால் நம் ஊருக்கென்று தனிக் கஷ்டங்கள் இருக்கின்றன. கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்தால் தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பரில் ஆந்திரப் பக்கத்து அணையிலிருந்து திறந்த தண்ணீரும் மழையும் சேர்ந்து பள்ளிப்பட்டுச் சுற்றுவட்டத்தில் பாலங்களை மூழ்கடித்து, கிராமங்களைத் துண்டித்ததை யாரும் மறக்கவில்லை. வெள்ளம் ஆஸ்பத்திரித் தேதியைக் கேட்டுக்கொண்டா வருகிறது? ஆகவே ஐப்பசி பிறப்பதற்கு முன்பே, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிராமங்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுத்துவிட வேண்டும். முடியாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். 2020 பொது முடக்கத்தின்போது இதே சர்க்கார் இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுத்தது. கொரோனாவுக்கு முடிந்தது கொசஸ்தலைக்கு முடியாதா?

நகரியிலும் புத்தூரிலும் வேலைக்குப் போய்வருகிறவர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இரும்பாலைத் தொழிலாளி ஊரில் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து மடித்து நாலு துண்டாக வைத்திருக்கிறார். அதை எந்த ஜன்னலில் நீட்டுவது? காண்ட்ராக்டர் ஒழுங்காக இ.எஸ்.ஐ. சந்தா கட்டாவிட்டால் அந்தக் கதவும் சாத்தியாயிற்று. எந்த ஊர்ச் சீட்டாக இருந்தாலும், மாத்திரை தீர்ந்த நிலையில் வருகிறவருக்குப் பத்து நாள் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரணை செய்யுங்கள் என்று கேட்கிறோம்.

இதெல்லாம் சர்க்கார் செய்யவேண்டியது. அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? சில காரியங்கள் நம் கையிலேயே இருக்கின்றன, காசும் ஆகாது.

எல்லா வீட்டிலும் கிழிக்கிற காலண்டர் தொங்குகிறது. மருந்து வாங்கிவந்த அன்றைக்கே மாத்திரையை எண்ணி, தீரும் நாளைக் கண்டுபிடித்து, அதற்கு ஏழு நாள் முன்னால் உள்ள தாளில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுங்கள். தீரும் நாளில் போட்டால் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கு லீவாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை போட்டுக்கொடுக்கட்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதற்கு எதிர் ஓரத்திலிருந்து பிய்த்துச் சாப்பிடுங்கள். தேதி கடைசிவரை மிஞ்சும். நிறம் மாறினால் விழுங்குவதற்கு முன்பு கேளுங்கள். ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் இரண்டாக விழுங்கவேண்டாம். அதையும் மருந்தாளுநரிடம் கேளுங்கள். இன்சுலின் குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். திறந்தது சாதாரணமாக நாலு வாரம்தான். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலுக்கு நடுவே வைத்த சின்ன மண்பானை வெயில் காலத்தில் கை கொடுக்கும்.

தறிக் கொட்டகைகளில் தொழிற்சங்கத் தோழர்கள் ஒரு நோட்டுப் போடலாம். பெயர், மருந்து தீரும் தேதி, இரண்டே கட்டம் போதும். என்ன நோய் என்று எழுதவேண்டாம். அது அவரவர் சொந்த விஷயம். நோட்டும் சங்கத்தின் கையில்தான் இருக்கவேண்டும், முதலாளியின் மேஜையில் அல்ல. நோயாளி என்று தெரிந்தால் தறியைப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் தீருகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால், பத்துப் பேர் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஒருவர் போய்வர அனுமதி கேட்கலாம். அன்றைய கூலியை ஒன்பது பேர் பகிர்ந்து கொடுக்கலாம். அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள மட்டும் அவரவர் நேரில் போகத்தான் வேண்டும். அந்த அரைநாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்பதை அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் ஒரு கோரிக்கையாகவே வைக்கலாம். போனஸ் கேட்கிற வாயால் இதையும் கேட்போம்.

இந்த நோட்டு இன்னொரு வேலையும் செய்யும். மூன்று மாதம் ஒழுங்காக எழுதினால், எந்த மருந்து எந்த வாரத்தில் கிடைக்கவில்லை, எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று தேதிவாரியாகச் சொல்லலாம். "எல்லாம் இருப்பு இருக்கிறது" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற பதிலுக்கு, இந்தப் பக்கம் இருந்து காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

அக்டோபர் 2-ம் தேதி ஊராட்சிகளில் கிராம சபை கூடும். மழைக்கு முன்னால் கூடுகிற சபை அதுதான். போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊருக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் வராத நாளில் மாற்று ஆள் யார்? ஆறு வந்தால் எங்களுக்கு இரண்டு மாத மருந்து என்றைக்குக் கிடைக்கும்? 31 நாள் உள்ள மாதத்துக்கு எத்தனை மாத்திரை தருவீர்கள்? பதில் வாயால் வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.